மலை விழவில்லை என்று திட்டு வாங்கியவர்

தவமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஹட்டன் அலுவலகத்தின் களஞ்சிய அறையில் ஈரமான தார்ப்பாய்களைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசியவர் அவருடைய தம்பி.

"அக்கா போயிட்டாங்க ஜெயா. கொட்டகலையில பஸ்ஸுக்கு நிக்கும்போதே உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "போன வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னேனே!" என்று அந்த மனிதரிடம் கத்தினேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். அக்காவோடு பழகி, இப்போது இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் ஒரு தடவையாவது எரிச்சல்படாதவர் நம்மில் யார்?

எங்கள் நிவாரண நிறுவனத்தில் தேயிலைத் தோட்டப்பகுதிகளுக்கான அனர்த்த முன்னாயத்தத் திட்டங்களைத் தயாரிப்பது அவர் பொறுப்பு. மழை பிடித்தால், மண் சரிந்தால், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் எந்த லயத்து மக்கள் எங்கே போவது, படுத்த படுக்கையாக இருப்பவரை யார் தூக்குவது, முதல் வேளைச் சோற்றை யார் ஆக்குவது என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யும் வேலை. நிவாரணப் பொருட்கள் என் பொறுப்பு. பல வருடங்களாக எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன. அவர் உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்து, படித்து, கல்யாணமே வேண்டாம் என்று இந்த வேலையைப் பிடித்துக்கொண்டவர். வேலை அவரைப் பிடித்துக்கொண்டது என்றும் சொல்லலாம்.

கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து புதிய திட்டத்தை விளக்கிய நாள் நினைவிருக்கிறது. திரையில் அழகான வரைபடம். லயங்களிலிருந்து பாடசாலைக்குச் சிவப்பு அம்புக்குறிகள் போயின. எச்சரிக்கை கிடைத்ததும் மக்கள் பாடசாலைக்குச் செல்வார்கள் என்றார் அவர். அக்கா எழுந்தார்.

"பாடசாலைச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"பாடசாலை அதிபரிடம் இருக்கும்."

"அதிபர் எங்க இருக்காரு?"

ஆலோசகர் வரைபடத்தைப் பார்த்தார். அக்காவே சொன்னார்: "நுவரெலியாவுல. மழை பெஞ்சா அவரு வர்ற ரோட்டுலதான் மொதல்ல மண்ணு விழும்."

இவை சிறிய விடயங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆலோசகர். "பிறகுன்னா எப்போங்க? மலை விழுந்த பிறகா?" என்று அக்கா உட்காராமலே நின்றார். சோற்றுப் பார்சல்கள் ஆறிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் பசி. நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "ஏன் ஜெயா கால மிதிக்கிறீங்க?" என்று சபை நடுவே கேட்டார். அன்று மாலை முழுக்க நான் அவரோடு பேசவில்லை. ஆனால் சில மாதங்களில் அந்தப் பாடசாலைக்கு இரண்டாவது சாவி ஒன்று வெட்டப்பட்டு, லயத்திலேயே தொழிற்சங்கத் தலைவர் முத்தையாவின் வீட்டில் தொங்கியது. அதற்காக அவர் எத்தனை பேரை நச்சரித்தார் என்பதை அந்தத் தொலைபேசிப் பேச்சுகளை எதிர்மேசையிலிருந்து கேட்ட நான் அறிவேன்.

அந்த முத்தையாதான் அடுத்த தலைவலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை வைத்தார் அக்கா. கைமணியை அடித்துக்கொண்டு லயத்து வாசலில் நடந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த பெண்கள், "ஞாயித்துக்கெழம கூட விட மாட்டீங்களா மிஸ்?" என்று முனகியபடி எழுந்து வந்தார்கள். முத்தையா மட்டும் தொழுவத்தை விட்டு நகரவில்லை.

"நான் வரல. மாட்ட யாரு பாக்குறது?"

எங்களோடு வந்த அதிகாரி ஒருவர், "உசுரு பெருசா, மாடு பெருசா?" என்று கேட்டார்.

"மாடு செத்தா நான் எப்படிங்க உசுரோட இருக்கிறது?"

அக்கா வாதாடாமல் கேட்டுக்கொண்டு நின்ற மிகச் சில தருணங்களில் அது ஒன்று. தோட்ட நிர்வாகத்திடம் ஓடிப்போய், பாடசாலைக்கு அருகே முன்பு தேயிலைக் கொழுந்து நிறுத்து, இப்போது சும்மா கிடந்த பழைய மடுவத்தை மாடுகளுக்குக் கேட்டு வாங்கினார். திட்டத்திலும் எழுதினார். தலைமை அலுவலகம் அந்த வரியை வெட்டியது. அவர் மறுபடி சேர்த்தார். மறுபடி வெட்டினார்கள். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்தவள் நான். "விட்டுத் தொலைங்கக்கா" என்றேன். "மாட்டுக்கு எடம் இல்லன்னா மனுசன் வர மாட்டான் ஜெயா. அடிங்க" என்றார். அடித்தேன். கடைசியில் அவர்கள்தான் களைத்துப்போனார்கள்.

ஐப்பசி மழையில் அந்த லயத்துக்குப் பின்னால் தேயிலை மலையில் வெடிப்பு கண்டது. பார்க்க வந்த அதிகாரிகள், பெருமழை என்றால் அங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு காணி தருவது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அக்கா மணி அடித்தார். மக்கள் பாடசாலைக்கு ஏறினார்கள். மழை விட்டது, மலை விழவில்லை, திரும்பினார்கள். அடுத்த மழைக்கு மறுபடி மணி. மறுபடியும் மலை விழவில்லை. மூன்றாவது முறை திரும்பி வந்தபோது லயத்து மாரியாயியின் கோழிகளை யாரோ கூடையோடு தூக்கிப் போயிருந்தார்கள். லயமே அக்காவைச் சூழ்ந்துகொண்டது.

"எங்க மிஸ் மலை? விழுகுது விழுகுதுன்னீங்களே, எங்க விழுந்துச்சு?"

"மலை விழல. எங்கோழிதான் போச்சு!" என்று மாரியாயி மண்ணை வாரித் தூற்றாத குறை.

அக்கா தூறலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். குடை பிடித்த என் கை வலித்தது. வேனில் ஏறியதும், "அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்குக்கா" என்றேன்.

"இருக்கு. எடம் குடுத்து வீடு கட்டிக் குடுத்தா நான் எதுக்கு மணி அடிக்கப் போறேன்? அது வரைக்கும் இதுதான்." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "மலை விழலன்னு திட்டுறாங்க ஜெயா. இத விட நல்ல திட்டு எங்க கெடைக்கும்?"

அவரை வேனிலிருந்து இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. மறுநாள் காலையில் அவர் தோட்டத்து மேலாளரான துரையின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். பாடசாலையில் தங்கியதால் வேலைக்குப் போகாதவர்களுக்குப் பேர் போட வேண்டும், அன்றைய நாள் சம்பளம் எழுத வேண்டும் என்று கேட்டார். வேலை செய்யாமல் சம்பளமா என்றார் துரை. அக்கா எழுந்திருக்கவில்லை. பிற்பகலில் துரை அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடச் சம்மதித்தார். அரைப்பேர்தான் வாங்கித் தந்தார் என்று லயத்தில் அதற்கும் திட்டு விழுந்தது.

இறப்பதற்கு முந்திய வாரம், ஹட்டன் குளிரில் அவருக்கு வியர்த்து வழிந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "எந்திரிங்க, இப்பவே டொக்டர்கிட்ட போவோம்" என்றேன்.

"வாயுதான் ஜெயா. பொல்பிட்டிய பக்கம் பயிற்சி வச்சிருக்கேன். முடிச்சிட்டுப் போறேன்."

"மண்ணுல கீறல் விழுந்தாலே கெளம்புங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. உங்களுக்கு யாரு மணி அடிக்கிறது?"

"நான் என்ன மலையா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பொல்பிட்டியவுக்குப் போகத்தான் அன்று காலை கொட்டகலையில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் மறுபடி மழை பிடித்தது. மதியத்துக்கு முன்பே வானம் இருண்டுவிட்டது. யார் போய் அந்த மக்களைக் கிளப்புவது என்று அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் முத்தையாவுக்கு அழைத்தேன்.

"நாங்க ஏறிட்டோம்ங்க" என்றார். "காலையிலயே ஏறிட்டோம். மாடெல்லாம் மடுவத்துல கட்டியாச்சு. அரிசி எப்ப வரும்னு சொல்லுங்க."

அரிசியை ஏற்றிக்கொண்டு போனேன். பாடசாலை மண்டபத்தில் ஈரத் துணிகளும் பிள்ளைகளின் கூச்சலும் நிறைந்திருந்தன. யாருக்கும் நல்ல முகமில்லை. மாரியாயி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"பாத்தீங்களா? அந்த மிஸ்ஸு செத்தும் நம்மள நிம்மதியா இருக்க விடல. மழைச் சத்தம் கேட்டாலே காலு தானா ஏறுது." சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பிறகு, "இனி யாரப் போயித் திட்டுறது?" என்றார்.

தவமணி அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய பொறுமையை அல்ல. அது அவரிடமும் இருந்ததில்லை. திட்டு விழும் இடத்தில் நகராமல் நிற்கிற அந்தப் பிடிவாதத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று அந்த மண்டபத்தில்தான் முதன்முதலாக அதை எடுத்துப் பார்த்தேன்.

"இனி என்னைத் திட்டுங்க" என்றேன்.

மாரியாயி என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடுப்பில் கை வைத்தார்.

"கக்கூசுல சொட்டுத் தண்ணி இல்ல. இத்தன பொம்பளைங்க எங்க போறது? அத யோசிக்க மாட்டீங்களா மிஸ்?"