முட்டைக்கோஸ் இடியாப்பம்

உன் வூட்டுக்காரருக்கு சக்கரைன்னு சொல்லிட்டாங்களாமே? ரேஷன் கடை க்யூவுலயே சேதி வந்துடுச்சிம்மா. அழுவாத. இந்தா, இப்படி உக்காரு. நான் கோஸு நறுக்கிக்கினே சொல்றேன்.

எங்க வூட்டுக்காரருக்கு அது வந்தப்ப நாங்க இந்தப் பெருங்களத்தூருக்கு குடிவந்த புதுசு. ரோட்ட தாண்டுனா வயலு. ராத்திரி தவள சத்தத்துல தூக்கம் வராது... அத விடு. அவருக்கு ரயில்வேல லைன்ல நடக்குற வேல. தண்டவாளத்த பாத்துக்கினே மைல் கணக்கா நடக்கணும். பூட்ஸு கடிச்சி கட்டைவிரல்ல ஒரு புண்ணு. ரெண்டு மாசமாச்சி, ஆறல. டாக்டரு பாத்துட்டு, "சக்கர இறங்கலன்னா விரல எடுக்கணும்"னுட்டாரு. அந்த மனுசனுக்கு நடைதான் எல்லாம். லீவு நாள்லகூட நாலு தெரு சுத்திட்டு வந்தாதான் காப்பி இறங்கும்.

மாத்திர குடுத்து, இடியாப்பம், சேமியா எதையும் தொடக்கூடாதுன்னாரு. இவரோ இடியாப்பம் இல்லன்னா மூஞ்சிய தூக்கி வெச்சிக்குவாரு. பாக்கப் பாவமா இருந்துச்சி. ஒரு நாள் கோஸ அருவாமணையில நூல் நூலா சீவி, இட்லித் துணியில ஆவி காட்டி, தட்டுல இடியாப்பம் மாதிரியே சுத்தி வெச்சேன்.

"இன்னா இது, பச்சையா கீது?"

"பேசாம சாப்புடுங்க. புது மாவு."

"மாவுல நரம்பு கூட இருக்குமா?"

கேலி பேசுனாரே தவிர, தட்டு காலி. ஒரு மாசம் தெனமும் அதேதான். எனக்குப் பெருமை தாங்கல. போய் ரத்தம் பாத்தா, சக்கர ஏறிக்கீது.

"என்னம்மா குடுக்குறீங்க?"ன்னாரு டாக்டரு.

"கோஸுதாங்க."

"அதுகூட?"

"தேங்காப்பாலு, பனவெல்லம்."

இடியாப்பம்னா பாலு ஊத்தாம எப்படிம்மா வெக்கிறது? பனவெல்லம் சக்கரைக்காரங்கள ஒண்ணும் பண்ணாதுன்னு தெருவே சொல்லுச்சி. டாக்டரு கண்ணாடிய கழட்டிட்டாரு. "மாவ எடுத்துட்டு வெல்லத்த ஊத்தியிருக்கீங்களேம்மா."

பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதேன். நானே அந்த விரல எடுத்துடுவேன் போலயேன்னு. அவரு சொல்றாரு, "நீ ஏன் அழுவுற? அந்தப் பாலுக்காகத்தான் நான் அந்தக் கோஸையே முழுங்குனேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனதும் நான்தானே?"

அன்னிக்கே வெல்லத்த பக்கத்து வூட்டுல குடுத்துட்டேன். அப்புறம் கடுகு, பச்ச மொளகா தாளிச்சி, மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சி குடுத்தேன். மாத்திரையும் ஒரு நாளு விடல. கொஞ்சம் கொஞ்சமா சக்கர இறங்குச்சி, புண்ணு காஞ்சிது. நகம்தான் கறுப்பாவே நின்னுபோச்சி. போன வருஷம் ரிடையர் ஆவுற வரைக்கும் லைன்லதான் நடந்தாரு.

நீயும் கோஸு செய். பனவெல்லத்த மட்டும் வூட்டுக்குள்ள சேக்காத.

அதோ, வாசல் கேட்டு தெறக்குற சத்தம் கேக்குதா? நடந்துட்டு வந்துட்டாரு. கொஞ்சம் நவுருமா, பானையில தண்ணி கொதிக்குது, கோஸ வெக்கணும்.