என் குரலை நீக்கிய பாட்டு

என் முதல் ஜாஸ் ஆல்பம் வெளிவர இருந்த சமயத்தில், அதில் டபுள் பாஸ் வாசித்தவர் இறந்துபோனார். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

சனிக்கிழமைகளில் நான் ஒரு ஹோட்டலில் பாடுவேன். ஆளுயரத்துக்கு இருக்கும் அந்த வாத்தியத்தை அணைத்துப் பிடித்தபடி அவர் எனக்குப் பின்னால் நிற்பார். நான் தாளத்தை விட்டு ஓடினால், ஒரு சுரத்தை அழுத்தி வாசித்து என்னை நிறுத்துவார்.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி போன் செய்தார். கொள்ளேகால்காரர்.

"பாட்டுப் பதிஞ்ச எடத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா மேடம்?"

அழைத்துப் போனேன். சவுண்ட் இன்ஜினியர் முதல் பாட்டைப் போட்டார். ஒரு சரணம்கூட முடியவில்லை, மனைவி கையைத் தூக்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க கொரல் இல்லாம வெக்க முடியுங்களா? அவரு வாசிச்சது மட்டும்."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். என் குரல் போனது. பிறகு பியானோ, டிரம்ஸ். பாஸ் மட்டும் மிஞ்சியது. கம்பியில் விரல் உரசுவதும், அவர் மூச்சு வாங்குவதும் கேட்டன. பாட்டு முடிந்து, நாங்கள் வெட்டிவிட்ட பகுதியில் அவர் குரல் வந்தது.

"மேடம், இன்னொருக்கா வாசிக்கட்டுங்களா? கடைசில கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

"வீட்ல ஒருநாளும் இத்தன மரியாதையாப் பேசுனதில்ல மனுசன்," என்றார் மனைவி. லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. அந்தப் பேச்சை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தோளைத் தொட்டேன். என் கையை எடுத்துவிட்டார்.

"லீவு நாளெல்லாம் உங்ககூடத்தான நின்னாரு. எனக்குன்னு என்ன மேடம் இருக்குது?"

கோபமாகச் சொல்லவில்லை.

அவர் வாசித்ததை எல்லாம் அந்தப் பேச்சோடு சேர்த்து மனைவியின் போனில் ஏற்றிக் கொடுத்தோம். ஆல்பத்தையும் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

ஆல்பம் வெளிவந்தது. தெரிந்தவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். ஹோட்டலில் சனிக்கிழமைக் கச்சேரியை நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி கொள்ளேகாலுக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன். அவருடைய அம்மா எடுத்தார்.

"அதயே காதுல மாட்டிக்கிட்டுப் படுத்தே கெடக்கறா. ஒரு வா சோறு எறங்க மாட்டேங்குது. எதுக்குங்க அதக் குடுத்தீங்க?"

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். இதுவரை பேசவில்லை.