கப்பலில் போன ஏழு பேர்

எங்கள் வீட்டு முன்கதவு காற்றில் அடிபடாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை அண்டை கொடுத்திருக்கிறோம். தேங்காயளவு, முழுக்கத் துரு. கட்டைபறிச்சான் பக்கக் கடலில் மாமாவின் வலையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அவர் அதைத் திரும்ப எறியப்போக, மாமி மறித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் கடலில் மூழ்கிய, இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த பழைய நீராவிப் போர்க்கப்பலின் துண்டுதான் இது என்று முடிவும் கட்டிவிட்டார். அத்தாட்சி எதுவும் கிடையாது. மாமியோடு வாதாடி வென்றவர்களும் கிடையாது.

மாமி என் அப்பாவின் அக்கா, பிள்ளைகள் இல்லாதவர், துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்தாளர். வெளிநாட்டிலிருந்து வந்த யாருக்கோ கொடுக்க, அந்தக் கப்பலின் வரலாற்றை ஒருநாள் அவரிடம் அடிக்கக் கொடுத்தார்கள். பர்மாவுக்குப் பட்டாளம் ஏற்றியது, கடற்கொள்ளைக்காரரைத் துரத்தியது, காற்று விழுந்த நாட்களில் பாய்க்கப்பல்களை இழுத்தது என்று நாலு பக்கம் பெருமை. ஐந்தாம் பக்கத்தில் அது தாண்டு, கடலின் அடிக்குப் போனது. மாரிக் கடலில் கப்பல் சரிய, ஒரு சக்கரம் தண்ணீருக்குள்ளும் மற்றது வெறும் காற்றிலுமாகச் சுழன்றதாம். நேரே போக ஏலாமல் வட்டமடித்துப் பாறையில் ஏறியதாம். கீழே அடுப்புக்குக் கரி அள்ளியவர்களுக்கு ஏறிவர நேரம் இருக்கவில்லை. இறந்தவர்களில் கப்டனுக்குப் பெயர் இருந்தது, அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது, கப்டனின் நாய்க்கும் பெயர் இருந்தது. கடைசியில் உள்ளூர்க் கூலிகள் ஏழு பேர் என்று மட்டும் இருந்தது. மாமி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நாய்க்குப் பெயர் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கார்த்திகையில், சகல ஆத்துமாக்கள் நாளன்று, வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பது எங்கள் கத்தோலிக்கக் கோயில் வழக்கம். பூசையில் பங்குக் குருவான சுவாமி வாசிப்பார். அந்த வருடம் மாமி கப்பலில் செத்த ஏழு பேர் என்று எழுதிக் கொடுத்தார். பெயரில்லாமல் வாசிக்க முடியாது என்று சுவாமி தாளைத் திருப்பி நீட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். மாமி குரலை உயர்த்தவேயில்லை.

"சாகக் கிடக்கிற பிள்ளைக்கு, சுவாமி வர முந்தி ஆரும் தண்ணி ஊத்திப் பேர் வைக்கலாமெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். இவையும் சுவாமி வர முந்திச் செத்த பிள்ளையள்தான். பேரை நான் வைக்கிறன்."

அங்கேயே பேனாவைத் திறந்து எழுதினார். அவர்கள் என்ன சமயமோ தெரியாததால் எல்லாவற்றிலும் வைத்தார்: சந்தியா, கந்தையா, காசிம், மரியான், வேலுப்பிள்ளை, யூசுப்பு, சின்னத்தம்பி. பூசையில் காசிம் என்று வாசித்தபோது ஆட்கள் திரும்பி மாமியைப் பார்த்தார்கள். மாமியும் அவர்களைத் திருப்பிப் பார்த்தார்.

சுவாமிமார் மாறினார்கள், யுத்தம் வந்தது, பட்டியல் மாறவில்லை. ஒருமுறை சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் தாளைப் பிடுங்கி, இந்த ஏழு ஆண்களும் யார் என்று கேட்டார்கள். "எங்கட ஆக்கள்" என்றார் மாமி. அந்த நாளில் சொல்லக்கூடிய பதிலா அது? வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. உடுப்பு மாற்றிய சுவாமியைத் திரும்பப் பீடத்தில் ஏற்றி ஏழு பெயரையும் வாசிக்க வைத்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

போன தையில் மாமி இறந்தார். இந்த வருடம் பட்டியலை நான் எழுதினேன். இப்போது அச்சடித்த படிவம் தருகிறார்கள்; அதில் உறவுமுறைக்கு ஒரு நிரல். அதை நிரப்பாமல் எடுக்க ஏலாது என்றாள் பங்குமனையில் இருந்த பிள்ளை. எட்டாவதாக மாமியின் பெயரை எழுதி, எதிரே மாமி என்று போட்டேன். பெயர் வைத்தவர் தாய் என்றால், மற்ற ஏழு பேரும் எனக்கு என்ன முறை? மச்சான் என்று ஏழு தடவை எழுதினேன். அந்தப் பிள்ளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைத் திருப்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரும்புத் துண்டைக் காலால் நகர்த்திக் கதவை அகலத் திறந்து வைத்தேன். மச்சான்மார் வந்துபோகிற வீடு.