நூலில்லாப் பட்டமும் மூன்று அம்மன் காசுகளும்

எனக்கென்று ஒரு காலத்தில் தனி நாடு இருந்தது, புதுக்கோட்டைச் சமஸ்தானம். அதன் வடக்கு எல்லை குளத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து மாட்டுவண்டித் தொலைவு. வெயில் ஏறுவதற்குள் போய் எல்லைக்கல்லில் சாய்ந்து நின்று, வெள்ளைக்காரன் ஆண்ட கும்பினிச் சீமைக் காற்றை மூக்கால் இழுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். அந்த நாட்டுக்காக வாழ்நாளில் ஒரே ஒரு காலை நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இன்றைக்கு எந்த நாட்டுக்கும் எனக்குக் குரல் எழும்புவதில்லை. அன்றைக்கே எல்லாம் தீர்ந்துபோயிற்றோ என்னவோ.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். யுத்தத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று, தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் அண்ணன் கைக்கு வந்தது. எங்கோ பனிமலைச் சரிவில், எஞ்சினே இல்லாத விமானங்கள். நீள இறக்கை, ஒல்லி உடம்பு. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு நாட்டுக் கொடி. எந்த நாட்டுக்காரன் காற்றை மட்டும் நம்பி அதிக தூரம் போகிறான் என்று போட்டி. அண்ணன் அந்தப் படத்தைச் சோறு வேகிற நேரம் முழுக்கப் பார்த்தான்.

"நூலில்லாமப் பறக்கும் பாரு, ஆத்தா" என்றான்.

அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "நூலில்லாமப் பறந்தா அதுக்குப் பேரு பட்டமாடா? அறுந்துபோச்சுன்னு பேரு."

அறுந்துபோச்சு என்ற சொல் எங்கள் வீட்டில் அப்போது சும்மா வருகிற சொல் இல்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கம். அத்தான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அவரும் அண்ணனும் புதுக்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகப் பட்டம் விட்டவர்கள். அந்தச் சிநேகிதத்தில்தான் சம்பந்தமே கூடியது. அண்ணன் கல்யாணத்தன்று எல்லாம் கெட்டது. அக்காவும் அத்தானும் வண்டியில் வந்து வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளை வந்தால் எதிரே போய்ச் சந்தனம் கொடுத்து, கைபிடித்து இறக்க வேண்டும். முகூர்த்த அவசரத்தில் யாரும் போகவில்லை. அரை மணி நேரம் அத்தான் நிமிர்ந்த முதுகோடு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மாட்டைத் திருப்பச் சொன்னார். அக்கா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இரண்டு வருஷம் அத்தான் அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. தீபாவளிக்கு இல்லை, பொங்கலுக்கு இல்லை. இப்போது அவளுக்கு ஏழாவது மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையென்றால் ஆத்தா ஊரில் எப்படி முகம் காட்டுவாள்? முகம் கிடக்கட்டும், மகளுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் யார் கை இருக்கும்? இரவெல்லாம் அவள் புரளும் பாய்ச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணன் ஆத்தாவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். மறுநாள் ராவுத்தரிடம் போனான்.

ராவுத்தர் ஜவுளிக்காரர். சமஸ்தானத்தில் ஒரு கடை, எல்லை தாண்டி ஒரு கடை. இரண்டு சீமைக்கும் வேண்டியவர். படத்தை அவர் மடியில் வைத்து அண்ணன் அத்தானுக்குச் சேதி சொல்லி அனுப்பினான்: இது மாதிரி பட்டம் செஞ்சு எடுத்துக்கிட்டுப் போட்டிக்கு வரச் சொல்லுங்க. நான் ஜெயிச்சா, வளைகாப்பு முடிஞ்ச கையோட தங்கச்சியை அனுப்பணும்.

பதிலும் ராவுத்தர் வாயிலேயே வந்தது. "வாரேன்னு சொல்லச் சொன்னாரு தம்பி. ஆனா அவரு ஜெயிச்சா, நாலு பேரு பாக்க நீ அவரை வண்டியிலேருந்து சந்தனம் குடுத்து எறக்கணுமாம்."

அண்ணன் முகம் கறுத்தது. "செத்தாலும் மாட்டேன்."

"செத்தா எப்புடிப்பா குடுப்பே?" என்றார் ராவுத்தர். "ஜெயிக்கிற வழியப் பாரு."

கையால் எறிகிற நூலில்லாப் பட்டத்துக்கு மூங்கிலைத் தணலில் வாட்டி வளைத்தோம். யுத்த காலம், காகிதம் கிடைக்காது. ராவுத்தர் துணிக்கட்டைச் சுற்றி வந்த மெல்லிய தாளைக் கொடுத்தார். நான் ஃபோர்த் ஃபாரத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள், பதினாறு வயது, ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் சமஸ்தானத்து அணியில் சேர்க்கப்பட்டவள். கொடி வேண்டுமென்றான் அண்ணன். எங்கள் கொடி எப்படி இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மஞ்சளில் முக்கியெடுத்த துணியில் ஒரு துண்டை வாலில் தைத்தேன். அதுதான் நாடு.

மாசி மாதக் காலை. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியிலிருந்து வடக்கே எறிய வேண்டும். கீழே அறுவடை முடிந்த வரகுக்காடு, நடுவில் எல்லைக்கல், அதற்கு அப்பால் அவர்கள் வண்டிகள். ராவுத்தர்தான் நடுவர். ஆளுக்கு மூன்று எறி, அதில் மிக நீண்டது எவருடையதோ அவர் ஜெயித்தார். மண்ணைத் தொட்ட இடம்தான் கணக்கு. இடையில் மனுசக் கையோ மாடோ பட்டுவிட்டால் அந்த எறி செல்லாது. இப்படிப் பேச்சு.

கூட்டம் வந்திருந்தது! தாலுகா ஆபீஸ் பியூன்கள், பங்காளிகள், வேலையில்லாதவர்கள், வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அந்தப் பக்கமும் அப்படியே.

"ஏலேய், ஒங்க சமஸ்தானம் முழுசையும் இது ஒரே எறியில தாண்டிரும்டோய்!"

"ஒங்க ராசா கடலுக்கு அங்கிட்டு இருக்காரு. நீ கத்துறது அவருக்குக் கேக்குமா? எங்க ராசாவ நாங்க தேருல பாத்திருக்கோம்ல!"

"பாத்தியே, அவரு ஒன்னயப் பாத்தாரா?"

நானும் கத்தினேன். பொட்டச்சி கத்துகிறாள் என்று யாரோ சொன்னது கேட்டது. இன்னும் உரக்கக் கத்தினேன்.

முதல் எறி எங்களுக்குச் சரியில்லை. மூக்கைத் தூக்கி நின்று, ஈரத்துணிபோல் விழுந்தது. அத்தானுடையது நேர்கோடு பிடித்துப் போய் ஒற்றைப் பனையருகே இறங்கியது. இரண்டாம் எறியில் நாங்கள் எல்லைக்கல்லைத் தொட்டோம், அவருடையது குப்புறக் கவிழ்ந்தது. மூன்றாவதில் அத்தான் காற்றுக்காகக் காத்திருந்தார். கண்ணை மூடிக் காத்திருந்தார். எறிந்தார். அது கல்லையும் பனையையும் தாண்டி, ஒரு சூரை முட்செடியின் காலடியில் போய் அமர்ந்தது. அந்தப் பக்கம் துண்டுகள் பறந்தன.

இனி எங்கள் கடைசி எறி. அப்போதுதான் அண்ணன் பார்த்தான், முதல் எறிக்கு அப்புறம் மூக்குக்கு எடையாக அப்பிய களிமண் இரண்டாம் எறியிலேயே உதிர்ந்துபோயிருந்தது. முன்பாரம் இல்லாவிட்டால் மறுபடி மேலே ஏறி நின்று செத்துவிடும்.

"எடை வேணும். சின்னதா, கனமா."

என் தாவணி முனையில் இருந்தது. அம்மன் காசு மூன்று. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு கொடுத்த செப்புக் காசுகள், சுண்டுவிரல் நகமளவு, ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். ஆத்தா அவற்றைச் செலவழிக்க மாட்டாள், மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் படத்தடியில் வைத்திருப்பாள். துணைக்கு இருக்கட்டும் என்று அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தேன். அங்கேயே பாறையில் உட்கார்ந்து மூன்றையும் மூக்கில் வைத்து, குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டித் தைத்தேன். அண்ணன் உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தான். அசையாமல் நின்றது.

அவன் காற்றுக்குக் காத்திருக்கிற நேரத்தில் நான் இறங்கி ஓடினேன். எல்லைக்கல், பனை, சூரைச் செடி, அதற்கும் அப்பால் ஒரு கூண்டுவண்டி நிழல். அங்கே அக்கா. இரண்டு வருஷம் கழித்து.

"எளச்சிட்டியேடி" என்றாள்.

"நீ பெருத்துட்டே."

சிரித்தாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. "ஆத்தா எங்கே?"

"வண்டியில. ஒன்னயப் பாத்தா அழுதுருவேன்னு எறங்க மாட்டேங்குது." மூச்சு வாங்கியது எனக்கு. "பயப்படாதக்கா, நாமதான் ஜெயிப்போம். மூக்குல அம்மன் காசு வச்சுத் தச்சிருக்கேன். ஆத்தா முடிஞ்சு வச்சிருந்துச்சுல்ல, அது."

அவள் சிரிப்பு நின்றது. "எறங்கையில மூக்குதானேடி மொதல்ல மண்ணுல குத்தும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. தூரம், தூரம் என்றே இருந்துவிட்டோம்.

"அம்மன் மொகத்த மண்ணுல குத்த வைக்கிறீகளா ரெண்டு பேரும்?"

நான் பதில் சொல்வதற்குள் பாறையிலிருந்து இரைச்சல் கிளம்பியது. அண்ணன் எறிந்துவிட்டான்.

அதை எப்படிச் சொல்ல. முதலில் அது வெறும் வெள்ளைக் கீற்று. பிறகு இரண்டு இறக்கை. சத்தமே இல்லை. அவ்வளவு பேர் கத்தியும் அதைச் சுற்றி மட்டும் சத்தமே இல்லை. மஞ்சள் வால் நடுங்க, எல்லைக்கல்லை ஆள் உயரத்துக்கு மேலே கடந்தது. அந்த நேரத்தில் அது எந்த நாட்டில் இருந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பனையைக் கடந்தது. சூரைச் செடி அதன் நிழலுக்கடியில் போயிற்று. கடந்துவிட்டது! ஜெயித்தாயிற்று. இனி எங்கே விழுந்தாலும் எங்களுடையதுதான். அது இன்னும் விழவில்லை, இடுப்பளவு உயரத்தில் எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. மூக்கில் செம்பு மின்னியது.

அக்கா ஓடவில்லை. ஓடக்கூடிய உடம்பா அது. நாலு எட்டு முன்னே வைத்தாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். பட்டம் அதில் வந்து படுத்தது.

கத்தல் அறுந்தாற்போல் நின்றது.

பிறகு அந்தப் பக்கத்தில் ஒருவன் கூவினான்: "எங்க வீட்டுப் பொண்ணு எங்களக் காப்பாத்திருச்சுடோய்!"

எங்கள் பக்கத்திலிருந்து: "பாத்தியா, புகுந்த வீட்டு உப்பு வேல செய்யுது!"

அண்ணன் பாறையில் சறுக்கி, முழங்கால் சிராய்க்க ஓடி வந்தான். "என்ன காரியம் பண்ணிட்டே!"

"அம்மன் மண்ணுல விழுந்துருமேண்ணே" என்றாள் அக்கா. அழுகிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "எனக்கு வேற ஒண்ணும் தோணலை."

ராவுத்தர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "மண்ணத் தொட்ட எடந்தான் கணக்குன்னு பேசினோம். இது மண்ணத் தொடலையே தம்பி. நான் என்ன செய்வேன், சொல்லு."

அத்தான் பாறையிலிருந்து இறங்கி வந்தார். அக்காவின் முந்தானையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நிமிர்ந்த முதுகு. எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த அதே உட்காரல்.

சந்தனத்துக்குக் காத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அண்ணன் மண்ணைப் பார்த்தான். அவன் கண்ணெதிரிலேயே பட்டம் ஜெயித்தது, தோற்ற ஆள் அவன். சந்தனம் குடுக்காதே அண்ணே, என்று எனக்கு ஒரு மனம். குடு அண்ணே, என்று இன்னொன்று.

அப்போது எங்கள் வண்டியிலிருந்து ஆத்தா இறங்கி வந்தாள். கையில் கூடை. அதற்குள் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருந்தன. காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். நாங்கள் ஜெயிப்போம் என்று நம்பிக் கிளம்பினோம், அவள் எதை நம்பிக் கிளம்பினாள்? கூஜாத் தண்ணீரை விட்டுச் சந்தனத்தைக் குழைத்தாள். அக்கா பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் குழைக்க முடியாது. கிண்ணத்தை அண்ணனிடம் நீட்டினாள்.

அண்ணன் வாங்கிக்கொண்டு நடந்தான். இரண்டு சீமைக்காரர்களும் வழி விட்டார்கள்.

"எறங்குங்க மாப்பிள்ளை."

"அன்னைக்கு அரை மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தேன்" என்றார் அத்தான், எங்கோ பார்த்து.

"தப்புதான். முகூர்த்த அவசரம்."

"அவசரம் ஒனக்கு. அவமானம் எனக்கு."

"அதான் சொல்லிட்டேன்ல, தப்புன்னு." அண்ணன் கிண்ணத்தை நீட்டினான். "எறங்குங்க."

அத்தான் சந்தனம் எடுத்துக்கொண்டார். அண்ணன் நீட்டிய கையைப் பிடித்து இறங்கினார். இறங்கியவர் கையை விடவில்லை.

"சரி, அந்தக் காச எங்கே வச்சுத் தச்சீங்க? நுனியிலயா, அடியிலயா?"

"அடியில" என்றான் அண்ணன். "மூணும் ஒரே வரிசையா."

"அதான் பார்த்தேன். அப்படி நிதானமா வந்துச்சு."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பட்டத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு. அதற்கப்புறம் அத்தான் ஆத்தாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "வர்ற வாரம் வளைகாப்பு வச்சிருக்கோம் அத்தை. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆத்தா அப்போதுதான் மகள் முகத்தைப் பார்த்தாள்.

நாங்கள் ஜெயித்திருந்தால்? அக்கா வந்திருப்பாள், பந்தயப் பொருள்போல. அத்தான் அந்த வண்டியிலிருந்து மனசால் இறங்கியே இருக்கமாட்டார். இதை யோசிக்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அன்றைக்குத் தோற்ற கோபத்தில் வழியெல்லாம் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தேன்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது, எங்கள் வீட்டில், ஆத்தா கைக்குள். மூன்று காசுகளையும் பட்டத்திலிருந்து பிரித்து, ஓட்டை போட்டு, பிள்ளையின் அரைஞாணில் கோத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தார்கள், அம்மன் காசு கடைகளில் செல்லாமல் போயிற்று. எல்லைக்கல்லில் இன்று ஆடு முதுகு தேய்க்கிறது. அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன், இருக்கையில் இருக்க முடியாது எனக்கு.

ஆனால் நாடு என்று யாராவது சொன்னால் என் கண்ணில் வருவது ஒரு மத்தியானம். அக்காவையும் பிள்ளையையும் அத்தான் வீட்டில் கொண்டுபோய் விடுகிற பயணம். பாறையருகே வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அண்ணனும் அத்தானும் இறங்கிக் காட்டுக்குள் போனார்கள். சூரைச் செடியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் கைநீட்டிச் சண்டை.

"அவ புடிக்கலேன்னா இந்தா, இங்கன விழுந்திருக்கும். செடிக்கு அங்கிட்டு நாலே அடி."

"நாலடியா? இடுப்பு ஒசரத்துல வந்துச்சு மாப்பிள்ளை. நாப்பது அடிக்குக் கொறையாது."

"காத்து இல்லையேய்யா அன்னைக்கு!"

"காத்து இல்லாமயா ஒங்களுது அம்புட்டு தூரம் வந்துச்சு?"

வண்டிக்குள் பிள்ளை சிணுங்கியது. காசுகள் கிணுகிணுத்தன. அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"மடியில வந்து விழுந்தாச்சு. இதுக்கு மேல எங்கிட்டுப் போகும்? பசிக்குது, வந்து ஏறுங்க ரெண்டு பேரும்."