இரண்டு பேர் ஏறும் படகு

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்த அவரைச் சண்டிகருக்கு மாற்றியபோது நான் மூன்றாம் வகுப்பு. முழுப்பரீட்சை முடியட்டும் என்று அம்மாவும் நானும் கவரைப்பேட்டையிலேயே இருந்துவிட்டோம். ஞாயிறுதோறும் நைனா போன் செய்வார். பேச்சு முழுக்க அந்த ஊர் ஏரிதான். சைக்கிள் மாதிரி மிதிக்கிற படகாம். தானே ஓட்டிக்கொண்டு நடு ஏரிவரைக்கும் போவாராம், பின்னாலேயே வாத்துகள் வருமாம்.

"இன்னிக்கும் ஓட்டுனியா நைனா?"

"பின்ன? மூணு ரவுண்டு."

நான் அதை ஐந்தாக்கி வகுப்பில் சொல்வேன். திங்கட்கிழமைகளில் அங்கே எனக்கு நல்ல மரியாதை இருந்தது.

மே மாதம் நாங்களும் சண்டிகருக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் ஞாயிறே ஏரி. அவர் சொன்னதில் ஒன்றும் குறையில்லை. வாத்துகள் இருந்தன, படகுகளும் வரிசையாக நின்றன. அம்மா படியிலேயே நின்றுவிட, நைனாவும் நானும் ஏறினோம். படகுக்காரர் நைனாவைப் பார்த்ததும் சிரித்து, தோளில் தட்டி, இந்தியில் என்னவோ சொன்னார். நைனாவும் சிரித்தார். என்னவென்று எனக்குச் சொல்லவில்லை.

கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் படகு எந்தப் பக்கம் போகும் என்று நைனாவுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் படகில் இரண்டு முறை முட்டினார். அதிலிருந்த குழந்தை அழுதது.

"நீ இத்த ஓட்டுனதே இல்லதானே?"

நைனா கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்த ஆளுக்கு டிக்கெட்டு குடுக்கமாட்டான் பாப்பா. ரெண்டு பேரா வரணும்."

"அப்ப வாராவாரம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"படியில குந்திக்கினு பாத்துக்கினு இருப்பேன்."

வகுப்பில் நான் அளந்துவிட்ட ஐந்து ரவுண்டுகளும் ஒன்றாக மானத்தை வாங்கின. அழுது, கரைக்குத் திருப்பச் சொன்னேன். அதற்கும் அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் துவைக்கத் துணி கிடந்தது. நைனா தனியாகக் கிளம்பிப் போய், பொழுது சாய்கிற நேரத்தில் எனக்கொரு சுட்ட சோளத்தோடு வந்தார்.

"ஓட்டுனியா?"

"ஓட்டுனேனே."

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் சமையலறைக்கு ஓடினேன். "மா, நைனா மறுபடியும் பொய் சொல்லுது! தனியாப் போனா டிக்கெட்டே கெடையாது!"

அம்மாவும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, நைனா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வாசல் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"சும்மா இரு" என்றாள்.

மறுவாரம் எல்லோருக்கும் முன்னால் கிளம்பி நின்றது அம்மாதான். பழவேற்காட்டுக்குப் போனால்கூடக் கணுக்கால் தண்ணீரில் இறங்காதவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நைனாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே மிதித்தாள். என்னைப் படகுக்காரரின் பார்வையில் படியில் உட்காரவைத்திருந்தார்கள். சுற்றிலும் ஒரு வார்த்தைகூடப் புரியாத பேச்சு. படகு சிறுத்துக்கொண்டே நடு ஏரிக்குப் போயிற்று.

அம்மாவுக்கும் படகு ஆசை வந்துவிட்டது, என் இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் கரையேறி வந்தபோது இருவரிடமும் நான் பேசவில்லை.