மூன்று மொட்டைகளும் ஒரு போலீஸ்காரரும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி ஸ்டேஷனில் வாசல் வழியாக ரயில் ஏறுவதெல்லாம் நடக்கிற காரியமா? யுத்த காலமென்று வண்டிகளைக் குறைத்துவிட்டார்கள், கூட்டம் குறைந்தால்தானே! அதனால் முதலில் பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு இடம் பிடிப்பது, பிறகு நாம் முட்டி மோதி ஏறுவது. எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். மலையில் முடியிறக்கிச் சந்தனம் பூசியிருந்த என் மூன்று வயது மகனை என் வீட்டுக்காரர் ஜன்னலில் தூக்கிக் கொடுத்தார். உள்ளேயிருந்து யாரோ ஓர் அம்மாள் வாங்கிக்கொண்டாள். நாங்கள் வாசலை எட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

வண்டியோடு ஓடினேன். கம்பியைப் பிடிக்கக் கை நீட்டியபோது நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு லத்தி வந்து மறித்தது. ரயில்வே போலீஸ்காரர். காலையிலிருந்து பிளாட்பார ஓரத்தில் நின்று, ஜனங்கள் சக்கரத்தில் விழாதபடி தடுத்துக்கொண்டிருந்தவர்.

“உடுய்யா பாவி! எம்புள்ள போவுது!” போலீஸ் எதிரே வந்தாலே சந்தில் ஒதுங்குகிற குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

“நீ சக்கரத்துல போவப் பாத்தியேம்மா! புள்ள எப்டி இருக்கும்?”

“மொட்டைங்க. சந்தனம் பூசிகினு இருக்கும்.”

“ஐயோ, இந்த வண்டியில பாதி மொட்டதாம்மா!”

பக்கத்தில் இன்னும் இரண்டு தாய்மார் இதே கதையைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். “புடிங்க, யாரையும் ஓரத்துக்கு உடாதீங்க” என்று லத்தியை என் வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு ஓடி, கடைசிப் பெட்டியின் படியில் தாவினார். வேகமெடுத்துவிட்ட வண்டி! பிளாட்பாரமே ‘முருகா!’ என்று அலறியது.

என் வீட்டுக்காரர் லத்தியோடு விறைத்து நின்றார். ஜனங்கள் அவருக்கே பயந்து பின்வாங்கினார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கோ, வண்டி போய் நிற்கும் அரக்கோணம் ஜங்ஷனில் என் பிள்ளை எவள் கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர் வண்டியில் ஏறுவானோ என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்வதற்குள், அரக்கோணத்திலிருந்து வந்த வண்டியில் அவர் இறங்கினார். தோளில் ஒரு மொட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மொட்டை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை போலீஸ்காரர்கள் சுற்றும் காக்கித் துணிப்பட்டை ஒரு காலில் இல்லை. அதைப் பிரித்து, தோளிலிருந்தவன் உட்பட மூன்று பிள்ளைகளின் மணிக்கட்டையும் தன் இடுப்போடு கட்டியிருந்தார். பெட்டி பெட்டியாகப் புகுந்து, ‘இது யார் புள்ள?’ என்று கேட்டு, ஆளில்லாமல் நின்ற பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா!

நாங்கள் பாய்ந்தோம். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கிட்ட வராதீங்க. திருவிழாவுல புள்ள புடிக்கிறவங்களும் இருக்காங்க. புள்ள யாருகிட்ட ஓடுதோ, அவங்கதான் தாயி.”

கீழே நின்ற இருவரின் கட்டை அவிழ்த்ததும் அந்தப் பிள்ளைகள் தத்தம் தாய்களிடம் ஓடின. தோளிலிருந்த என் மகன் மட்டும் அசையவில்லை. அவனைத் தனியே விட்டுவிட்டேன் என்று கோபம். அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நானும் அவன் அப்பாவும் ராஜா, கண்ணு என்று மாறி மாறிக் கெஞ்சினோம். திரும்பவே இல்லை.

“வரமாட்டேங்குதேம்மா” என்றார். குரல் மாறிவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பெற்ற பிள்ளையே என்னைத் தெரியாது என்றால் யாரிடம் போய் முறையிடுவேன்? அப்புறம் வந்ததே ஓர் ஆத்திரம்!

“ஏண்டா கழுத! நைனாவும் நானும் இங்க செத்துகினு இருக்கோம், உனுக்கு அங்க என்னாடா சொகுசு? எறங்குடா!”

திடுக்கிட்டுத் திரும்பினான். “அம்மா!” என்று வீறிட்டு, அவர் தோளிலிருந்து என்மேல் விழுந்தான்.

“ஆங், இது பெத்தவ கொரலுதான். கூட்டினு போ” என்று சிரித்தபடி அவர் கடைசி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் பிரியாத முடிச்சு. அதன் அடியில் தன் கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார். தோலில் ஒரு தடம்கூட இல்லை.