ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும்

1. எட்டே முக்கால்

"மேலே ரெண்டு பேர் நிக்கிறாங்க. என்னால போக முடியாது. கண்ணாடிக்கு வெளிய ஒண்ணுமே தெரியல" என்று கேப்டன் ரேடியோவில் இந்தியில் சொன்னபோது காலை எட்டே முக்கால் மணி.

நான் நின்றிருந்தது நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில், எவரெஸ்ட் போகும் வழியிலுள்ள ஒரு கிராமத்தின் இறங்குதளத்தில். அந்த இரண்டு பேர் நின்றிருந்தது அதற்கும் மேலே, ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டரில், ஒரு பாறை மேட்டில். இருவரும் உத்திரமேரூர்க்காரர்கள். ஒருவன் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த இஸ்மாயில். மற்றவர் அவன் மனைவி நூர்ஜகான். அவர்களை மேலே அனுப்பியது நான். அங்கே கூடுதல் நேரம் நிற்க வைத்ததும் நான்தான்.

ஹெலிகாப்டர் கம்பெனிகளில் கிரவுண்ட் ஸ்டாஃப் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் சிலர், அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பனி, சிகரம், சாகசம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

2. தராசு

விமானப்படையில் இருபது வருடம் ஹெலிகாப்டர் கிரவுண்ட் க்ரூவாக இருந்தேன். வெளியே வந்ததும் நேபாளத்தில் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தேன். பதவியின் பெயர் லோடு கன்ட்ரோலர். பெயர்தான் பெரிசு. டூரிஸ்ட்டுகளை எடை போட்டு, யார் எந்த ட்ரிப்பில் ஏறுவது என்று லோடு ஷீட்டில் எழுதுவதுதான் வேலை.

உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். கீழே ஐந்து பேரைச் சுமக்கும் ஹெலிகாப்டர் அந்த உயரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் தூக்காது. ஆகையால் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆனால் மனுஷனிடம் எடையைக் கேட்டால் உண்மை வராது. சேர்ந்த முதல் நாளே ஒரு அம்மா அறுபது கிலோ என்று எழுதிக் கொடுத்தார். தராசு எழுபத்து நாலு காட்டியது. "மெஷின் ரிப்பேர்" என்றார். குளிர் கோட்டைக் கழற்றச் சொன்னேன், உள்ளிருந்து இரண்டு கிலோ லட்டு டப்பா வெளியே வந்தது. சிகரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டுமாம்! அன்றிலிருந்து யாரிடமும் எடையைக் கேட்டதில்லை. ஷூ, பை, செல்போனோடு தராசில் ஏற்றிவிடுவேன். என் வாயில் நல்ல வார்த்தை வராது என்று கம்பெனியில் பெயர். அந்த வேலைக்கு அதுதான் சரி.

ஐந்து பேர் வந்தால் இரண்டு ட்ரிப்பாக மேலே அனுப்புவோம். இதற்கு ஷட்டில் என்று பெயர். அதில் மாற்றக்கூடாத விதி ஒன்று உண்டு. முதலில் ஏறியவர் முதலில் இறங்க வேண்டும். இரண்டாவது கோஷ்டியை மேலே விட்டவுடன் முதல் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு கீழே வந்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் யாரும் மேலே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். முந்தின நாள்வரை சமவெளியில் இருந்த உடம்பு அந்த உயரத்தில் அதற்கு மேல் தாங்காது. ஒன்பது வருடம் அந்த விதியை நான் மீறியதில்லை. மந்திரியின் மச்சான் கேட்டபோதும் மீறவில்லை.

3. நம்ம ஊர் ஆளுங்க

எங்கள் ஊரில் உயரம் என்றால் ஏரிக்கரைதான். அதற்கு மேல் ஏற ஒன்றும் கிடையாது. இஸ்மாயில் பஜார் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். சிமெண்ட், கயிறு, பெயிண்ட், ஆணி. நான் லீவில் போகும்போதெல்லாம் கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேள்வி கேட்பான். எத்தனை கிலோ தூக்கும், எவ்வளவு டீசல் குடிக்கும், குட்டி யானை வண்டி மாதிரி ஓவர்லோடு அடிக்க முடியாதா. "ஒரு வாட்டி வாடா, எவரெஸ்டைக் கிட்ட காட்டறேன்" என்று நான்தான் ஒவ்வொரு லீவிலும் சொன்னேன். மகன் அன்வர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் நல்ல வேலையில் அமர்ந்ததும், கடையைப் பத்து நாள் மூடிவிட்டு மனைவியோடு வந்துவிட்டான்.

அன்று காலை அவனையும் தராசில் ஏற்றினேன்.

"இன்னா வரதா, நிறுத்துப் பாக்குற? நான் இன்னா சிமெண்ட் மூட்டையா?" என்றான்.

"மூட்டைன்னா பரவால்ல, ஐம்பது கிலோதான். நீ எண்பத்து நாலு கீற."

நூர்ஜகான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மற்ற மூன்று பேர் வடக்கிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள். போட்டோ எடுத்தால் போதும் என்றிருந்தார்கள். வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. வழக்கமாக அந்த மாதத்தில் பத்து மணிக்கு மேல்தான் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறும். மணி ஏழே முக்கால்கூட ஆகவில்லை. இவன் இத்தனை வருடம் காத்திருந்து வந்திருக்கிறானே, கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவதா என்று மனசு கேட்கவில்லை. கேப்டனிடம் போய், "இவங்க நம்ம ஊர் ஆளுங்க. முதல்ல ஏத்திடுங்க, கடைசியா இறக்குங்க" என்று இந்தியில் சொன்னேன். கேப்டன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் நான் அப்படிக் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

நம் ஊர்ப் பக்கத்தில் வேண்டியவர்களுக்கு வரிசையை மாற்றிக் கொடுப்பது ஒரு மரியாதை. ரேஷன் கடையில் கொடுப்போம், கல்யாணப் பந்தியில் கொடுப்போம், கோயிலில்கூடக் கொடுப்போம். அந்தப் புத்தியை மலைமேல் கொண்டுபோனேன்.

எட்டு மணிக்கு இருவரும் மேலே இறங்கினார்கள். ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஒரு வாக்கிடாக்கியும் கொடுத்து அனுப்பியிருந்தேன். இஸ்மாயில் குரல் வந்தது. "வரதா, டேய்! எதிர்லயே கீதுடா! கை நீட்டினா தொட்டுடலாம் போல கீதுடா!" அழுதுகொண்டே பேசினான்.

ஹெலிகாப்டர் கீழே வந்து பையன்களை ஏற்றிக்கொண்டு போனது. விதிப்படி அப்போதே இஸ்மாயிலும் நூர்ஜகானும் இறங்கியிருக்க வேண்டும். பையன்கள் ஐந்து நிமிடம் போட்டோ எடுத்தார்கள். கேப்டன் அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்து இறக்கினார். மறுபடி மேலே கிளம்பினார். பாதி தூரத்தில் மேகம் மூடிவிட்டது. மூன்று தடவை வேறு வேறு பக்கத்திலிருந்து முயன்று பார்த்தார். எரிபொருள் தீரும் நேரத்தில்தான் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா வரதா, வண்டி சத்தம் கேட்டுச்சி, அப்புறம் போய்டிச்சி. இங்க சுத்தி வெள்ளையா கீது" என்றான் இஸ்மாயில்.

"மேகம்டா. கலைஞ்சிடும். ரெண்டு பேரும் ஒட்டி ஒக்காருங்க. பேசாத, மூச்ச வீணாக்காத."

"தலை பேஜாரா வலிக்குதுடா."

மேட்டுக்கு அடிவாரத்திலுள்ள லாட்ஜிலிருந்து இரண்டு ஷெர்ப்பாக்களை நடந்தே மேலே அனுப்பச் சொன்னேன். நல்ல வெயிலிலேயே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் ஏற்றம் அது. நான் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரைக்கு நூர்ஜகான் பேசினார்.

"அண்ணே, அவரு சாஞ்சிக்கினாரு. கூப்ட்டா பதில் சொல்ல மாட்டறாரு."

"சிலிண்டரு மாஸ்க்க அவன் மூஞ்சில வைம்மா."

"வச்சிக்கினுதான் கீறேன் அண்ணே. அதுல காத்து நின்னு ரொம்ப நேரமாச்சி."

ஷெர்ப்பாக்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. நூர்ஜகான் தன் குளிர் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாராம். அவன் போய் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்கள்.

4. தாள்

மறுநாள் காத்மாண்டு ஆபீஸில் மேனேஜர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். சம்பவ அறிக்கை. 'முதல் கோஷ்டிப் பயணிகள் தாங்களே கேட்டுக்கொண்டதன் பேரில் கூடுதல் நேரம் மேலே தங்கினர்' என்று டைப் அடித்திருந்தது.

"அவங்க கேக்கல சார். நான்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். கேப்டன் சொல்லிட்டாரு. நீ செஞ்சதுன்னு எழுதினா கம்பெனி லைசென்ஸ் போகும். நாப்பது குடும்பம் தெருவுக்கு வரும். செத்தவர் திரும்பி வரப்போறதில்ல. வெறும் ஒரு வரிதானே, கையெழுத்துப் போடு."

நாற்பது குடும்பத்துக்காகப் போட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயத்தில் போட்டேன். இஸ்மாயிலின் மகன் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம். இஸ்மாயிலின் உடல் இருந்த பெட்டியோடும் அந்த அறிக்கையின் நகலோடும் நானே ஊருக்கு வந்தேன். அடக்கம் முடிந்ததும் அன்வர் என்னைக் கட்டிக்கொண்டு, "அங்கிள், நீங்க இல்லன்னா அம்மாவும் போயிருப்பாங்க" என்று அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

5. பஜார் தெரு

மூன்று வருடம் லீவில்கூட ஊர்ப் பக்கம் வராமல் இருந்துவிட்டு, வேலையை விட்டு உத்திரமேரூருக்கே திரும்பினேன். இஸ்மாயில் கடையில் இப்போது யாரோ செல்போன் விற்கிறார்கள். நூர்ஜகான் அதன் பின்கட்டு வீட்டில் தனியாக இருக்கிறார் என்றும், அன்வர் வருவதில்லை, போனில் பேசுவதுகூட இல்லை என்றும் டீக்கடையில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். "ஆத்தாகாரிதான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாம்னு அடம் புடிச்சிச்சாம்பா. பேப்பர்ல வந்து கீதாமே. அதனாலதான் பாய் செத்தாரு" என்றார் கடைக்காரர். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த ஒரு வரி யார் தலையில் போய் விழும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. 'பயணிகள்' என்று எழுதியிருந்தது. பயணிகளில் ஒருவன் செத்துவிட்டான். மிஞ்சியது ஒருத்தி.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையை மாற்றியது, தாள், கையெழுத்து. அவர் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றார்.

"எப்டிம்மா?"

"நீங்க கேப்டன்கிட்ட இந்தியில சொன்னப்போ நான் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன். எங்க வூட்ல உருதுதானே பேசறோம்? எனக்குப் புரியாதா?"

தமிழ்நாட்டு டூரிஸ்ட்டுகள் எதிரில் ரகசியத்தை இந்தியில் பேசுவது என் வழக்கம். முப்பது வருடமாக அந்த வீட்டில் உருது காதில் விழுந்தும் அன்று எனக்கு அது தோன்றவில்லை.

"அப்போ எனக்கு சந்தோசமாத்தான் இருந்திச்சி. அண்ணன் நமக்கோசரம் சொல்றாருன்னு அவருகிட்டயும் சொன்னேன். அவரும் சிரிச்சாரு. அதுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாசத்துல செஞ்சீங்க." கை நின்றது. "ஆனா பேப்பர்ல எங்க மேல போட்டுட்டீங்களே. அன்வர்கிட்ட எத்தினியோ வாட்டி சொன்னேன். 'வரதன் அங்கிளே கையெழுத்துப் போட்டிருக்காரு, அவரு இன்னாத்துக்கு பொய் எழுதுவாரு'ன்னான். நீங்க வந்து சொல்வீங்கன்னு மூணு வருசம் பாத்துக்கினு இருந்தேன்."

"இப்பவே சொல்றேம்மா. நம்பரு குடு."

அவர் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து நம்பரைச் சொன்னார். அந்த முகத்தில் மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஏதோ ஆசை வந்தது என்று எனக்குத் தோன்றியது. அதை நான் பார்த்திருக்கவே கூடாது.

6. போன்

ஸ்பீக்கரில் போட்டு அன்வரிடம் பேசினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்ததும் கேட்டான்.

"அங்கிள், இப்போ எங்க இருந்து பேசறீங்க?"

"உங்க வூட்லேர்ந்துதான்."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அம்மா அழுது உங்கள இப்டி சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லடா. சத்தியமா இல்ல. நான் செஞ்சதுடா அது."

"நீங்க நல்லவரு அங்கிள். எங்க அப்பாவுக்காக இதையும் உங்க தலைல போட்டுக்கிறீங்க. வேணாம். கையெழுத்துப் போட்ட காயிதத்த நான் என் கண்ணால பாத்தேன்." போனை வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

நூர்ஜகான் எழுந்து உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "குடிச்சிட்டுப் போங்க அண்ணே. இனிமே வராதீங்க" என்றார்.

அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். ஃபைல் மூடியாகிவிட்டது என்று பதில் வந்தது. அன்வர் வேலை செய்யும் ஃபேக்டரி வாசலுக்கும் ஒருநாள் போய் நின்றேன். அவன் என்னைக் காரில் ஏற்றி, நல்ல ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, உத்திரமேரூர் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுப் போனான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்து லோடு ஷீட்டில் வரிசையை மாற்றாதீர்கள். மாற்றித் தப்பு நடந்துவிட்டால், அன்றைக்கே, முதல் தாளிலேயே உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். வேலை போகும், ஜெயில்கூட வரலாம். போகட்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், நீங்கள் சொல்ல வரும் நாளில் கேட்க வேண்டியவன் உங்களை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருப்பான்.